தோட்டக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் அதே மனிதர்கள்: வகைமாதிரியா, தேய்வழக்கா?

சிப்புட் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில் மாதந்தோறும் ஒரு சிறுகதைப் பயிலரங்கு நடத்தி வருகிறோம். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து இப்போது தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் குடியிருக்கும் பெரியவர்களும், இடைநிலைப்பள்ளி மாணவர்களும் வருகிறார்கள். எழுதும் ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் யார் எழுதினாலும் அதே ஐந்தாறு பேர்தாம் கதைக்குள் நுழைகிறார்கள். இரக்கமே இல்லாத கங்காணி (தோட்டத்து ஆள்களை மேற்பார்ப்பவர்), கள்ளுக்கடையே கதியென்று கிடக்கும் அப்பா, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் அம்மா, படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பும் மகன், வேண்டிய இடத்தில் வந்து அறிவுரை சொல்லிவிட்டுப் போகும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பெயரை மட்டும் மாற்றினால் ஒருவர் கதையை இன்னொருவர் கதைக்குள் வைத்துவிடலாம்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் இணையத்திலிருந்து ஒரு பட்டியலைக் கொண்டுவந்தார். உலகக் கதைகளிலெல்லாம் வருபவை பன்னிரண்டு தொல்படிமங்கள்தாம் (எல்லார் மனத்திலும் பதிந்திருக்கும் ஆதி உருவங்கள்) என்றும், அவற்றைக் கண்டுபிடித்தவர் உளவியலாளர் யுங் என்றும் அதில் இருந்தது. அம்மாவைப் ‘பராமரிப்பவர்’ என்ற கட்டத்திலும், ஆசிரியரை ‘ஞானி’ என்ற கட்டத்திலும், கங்காணியை ‘ஆட்சியாளர்’ என்ற கட்டத்திலும் பொருத்தினோம். எல்லாரும் கச்சிதமாகப் பொருந்தினார்கள், ஆனால் ஒரு கதையும் ஓர் அங்குலம்கூட முன்னேறவில்லை.

என் கேள்வி இதுதான். காலங்காலமாகக் கதைகளில் வரும் வகைமாதிரிப் பாத்திரத்துக்கும் எழுதி எழுதித் தேய்ந்துபோன பாத்திரத்துக்கும் இடையில் உள்ள கோடு எங்கே இருக்கிறது? அந்தக் கோட்டைப் புதிதாக எழுத வருபவருக்கு எப்படிக் காட்டுவது? நம் மரபில் இதற்கு வழிகாட்டுதல் உண்டா?

ஈப்போ தமிழாசிரியர் எழுதியது:

வணக்கம் அம்மா. முதலில் அந்தப் பட்டியலைப் பற்றி ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனெனில் மாணவர்கள் தேர்விலும் இதை எழுதி வைக்கிறார்கள். கார்ல் யுங் (1875–1961) தொல்படிமங்களைப் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதியவர் என்பது உண்மை. நிழல், பேரன்னை, முதிய ஞானி, குறும்பன் என்று சிலவற்றை அவர் விரித்துப் பேசியிருக்கிறார். ஆனால் பன்னிரண்டு என்று எண்ணிக்கை கட்டிய பட்டியல் அவருடையதன்று. 1991-இல் கரோல் பியர்சன் வகுத்த பன்னிரண்டுதான் இன்று யுங்கின் பெயரில் உலவுகிறது. பிறகு வணிகப் பொருள்களுக்கு அடையாளம் தேடுபவர்கள் அதைப் பெரிதாகப் பயன்படுத்தினார்கள். பொருளை விற்பதற்கு ஒரு குணம் மாறாமல் நின்றால் போதும், கதைக்கு அது போதாது.

யுங் சொன்ன வேறொன்று உங்கள் பயிலரங்குக்குப் பயன்படும். தொல்படிமம் என்பது உள்ளடக்கம் இல்லாத வெறும் வடிவம் என்றும், வாழ்க்கை அனுபவம் வந்து நிரப்பும்போதே அது உருவமாகிறது என்றும் அவர் மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். ஆகவே ‘தியாகத் தாய்’ என்று கட்டத்தில் எழுதியவுடன் பாத்திரம் கிடைத்துவிட்டது என்று நினைப்பது அவர் கருத்துக்கே எதிரானது.

இனி நம் மரபுக்கு வருகிறேன். வகைமாதிரிப் பாத்திரங்களைக் கொண்டே ஒரு பேரிலக்கியத்தைக் கட்டியவர்கள் நாம். அகப்பாடல்களில் தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன் என்று வருகிறார்களே தவிர ஒருவருக்கும் பெயர் இல்லை. ‘மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்று தொல்காப்பிய அகத்திணையியல் அதை விதியாகவே வைத்திருக்கிறது. இந்த விதி எவ்வளவு கறாரானது என்றால், நெடுநல்வாடையில் பாண்டியனின் வேப்பம்பூ வேலில் கட்டப்பட்டிருப்பது ஒரே ஓர் இடத்தில் வருவதால், அந்த அடையாளத்தை வைத்து அப்பாட்டைப் புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் வாதிட்டார்.

செய்யுளியலில் யார் யார் பேசலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. களவில், அதாவது திருமணத்துக்கு முந்திய காதலில், பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, கிழவன், கிழத்தி ஆகிய அறுவர். கற்பில், அதாவது மணவாழ்வில், பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகிய அறுவர் அவர்களோடு சேர்கிறார்கள். நம்மிடமும் பன்னிருவர் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பன்னிருவரில் ஒருவரைக்கூடக் குணத்தால் வரையறுக்க முடியாது. தோழி என்பவள் நல்லவளா, புத்திசாலியா, குறும்புக்காரியா என்று இலக்கணம் சொல்வதில்லை. அவள் செவிலியின் மகள், தலைவியின் இரகசியம் அறிந்தவள், ஒருநாள் அந்த இரகசியத்தைத் தாயிடம் சொல்லி அறத்தொடு நிற்க வேண்டியவள். அதாவது யாருக்கு நடுவில் நிற்கிறாள், யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறாள் என்பதுதான் அவளை வரையறுக்கிறது. அந்த இடம் நிலையாக இருப்பதால், அங்கே நின்று ஒருத்தி தலைவனைக் கடிந்துகொள்ளலாம், இன்னொருத்தி அவனிடம் கெஞ்சலாம், வேறொருத்தி வேண்டுமென்றே பொய் சொல்லலாம். நூற்றுக்கணக்கான பாடல்களில் தோழி வந்தும் அவள் நமக்குச் சலிப்பதில்லை.

நீங்கள் கேட்ட கோடு இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பாத்திரத்தைக் குணத்தால் எழுதினால் தேய்வழக்கு, நிற்கும் இடத்தால் எழுதினால் வகைமாதிரி. ‘இரக்கமற்ற கங்காணி’ என்பது குணம், அதை வைத்துக்கொண்டு அவர் இரக்கமில்லாமல் இருப்பதைத்தான் திரும்பத் திரும்பக் காட்ட முடியும்.

இன்னொரு நுட்பமும் அதே செய்யுளியலில் இருக்கிறது. ஊரார், அயலார், தந்தை, தமையன் ஆகியோர் சொன்னதாகப் பிறர் எடுத்துச் சொல்லலாம், ஆனால் அவர்களே நேரில் பேசுவதில்லை. அகப்பாட்டில் தந்தையின் அதிகாரம் முழுவதும் அவர் வாய் திறக்காததில்தான் இருக்கிறது. உங்கள் பயிலரங்கில் அந்தக் கள்ளுக்கடை அப்பா கதை முழுவதும் கத்திக்கொண்டே இருக்கிறார் என்று நினைக்கிறேன். அவர் பேச்சை முழுவதும் எடுத்துவிட்டு, மற்றவர்கள் வாயால் மட்டும் அவரைக் கேட்கச் செய்து பாருங்கள்.

கெடா பால்மரம் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன ‘நிற்கும் இடம்’ என்பதைக் கங்காணிக்குப் பொருத்திப் பார்க்க விரும்புகிறேன், ஏனென்றால் நம் எழுத்தில் மிக மோசமாக வீணடிக்கப்பட்ட பாத்திரம் அவர்தான்.

கங்காணி வானத்திலிருந்து குதித்தவர் அல்லர். அவரும் தோட்டத்தில் வேலை செய்த தொழிலாளிதான். நிர்வாகம் உரிமம் கொடுத்துச் சொந்த ஊருக்கே அவரை அனுப்பியது. அங்கே உறவுக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் பேசி இணங்கவைத்து, சிலரின் சில்லறைக் கடனை அடைத்து, கப்பலேற்றிக் கொண்டுவந்தார். வந்த பிறகு, தம் ஆள்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை பேருக்கும் தலைக்காசு என்று ஒரு தொகை அவருக்குக் கிடைத்தது. ஒருவன் காய்ச்சலில் படுத்தால் அவனுக்கும் கூலி இல்லை, கங்காணிக்கும் அந்தத் தலைக்காசு இல்லை. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தபின் ஆள் சேர்ப்பு நின்றது. கங்காணி என்ற பதவி மட்டும் வேலையை மேற்பார்ப்பவராகத் தொடர்ந்தது.

இப்போது விடிவதற்கு முன் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டை நினைத்துப் பாருங்கள். தலைவிளக்கும் கத்தியும் வாளியுமாக ஆள்கள் நிற்கிறார்கள். கிராணி (தோட்டத்து எழுத்தர்) பெயர் கூப்பிடுகிறார். ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. கங்காணி தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை நோக்கி நடக்கிறார். படுத்திருப்பவன் அவருடைய சித்தி மகன். அவனுடைய தாயிடம் ‘என் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஊரில் சொல்லி அழைத்து வந்தவரும் அவர்தான். அந்தக் கதவைத் தட்டும்போது அவர் யார் சார்பில் தட்டுகிறார்? இந்தக் கேள்வி ஒன்றிலேயே ஒரு சிறுகதை இருக்கிறது. அவர் போர்வையை இழுத்து எறிந்தாலும் சரி, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாலும் சரி, வாசகர் அவரை மறக்கமாட்டார்.

இது பற்றிப் பயனுள்ள ஓர் ஆய்வு, ரஷ்யர் விளாதிமிர் பிராப் 1928-இல் வெளியிட்டது. நூறு ரஷ்ய மாயக்கதைகளை ஆராய்ந்து, அவற்றில் நிகழும் செயல்களை 31 ஆகவும், செயற்களங்களை ஏழாகவும் அவர் வகுத்தார். எதிரி, ஈபவர், துணைவர், தேடப்படும் இளவரசியும் அவள் தந்தையும், அனுப்புபவர், நாயகன், பொய்நாயகன் என்பவை அந்த ஏழு. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரே ஆள் பல களங்களில் செயல்படலாம், ஒரே களம் பலருக்குப் பங்கிடப்படலாம் என்று அவர் சொன்னதுதான் எழுதுபவருக்கு முக்கியம். கங்காணி ஊரில் அனுப்புபவர், கடனை அடைத்தபோது ஈபவர், கப்பலில் துணைவர், பெரட்டுக் களத்தில் எதிரி. நம் கதைகள் நான்காவது களத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. முதல் மூன்றையும் கதைக்குள் கொண்டுவாருங்கள் அக்கா, அவரே நாயகனைவிடப் பெரிய ஆளாக எழுந்து நிற்பார்.

கிள்ளான் மாணவி எழுதியது:

இங்கே கங்காணிக்கும் அப்பாவுக்கும் நியாயம் கேட்டுவிட்டீர்கள். அம்மாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. தோட்டக் கதைகளில் அம்மா சாப்பிடுவதில்லை, கோபப்படுவதில்லை, யாருக்கும் எதையும் மறுப்பதில்லை. இது வகைமாதிரி என்ற பெயரில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் துடைத்துவிடுவது. பேரன்னை என்ற தொல்படிமத்தைப் பற்றி எழுதிய யுங்கே, வளர்ப்பவள் என்ற முகத்தோடு விழுங்குபவள் என்ற முகத்தையும் சேர்த்துத்தான் எழுதினார். நம் காளியும் மாரியம்மனும் இரண்டு முகமும் உடையவர்கள். தோட்டத்துக் கோயிலில் மாரியம்மனுக்கு அஞ்சித் தீமிதித்தவர்கள், கதையில் மட்டும் கோபமே வராத தாயை எழுதுவது எனக்கு விளங்கவில்லை.

சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளைப் பாருங்கள். ‘வழிகாட்டும் முதியவர்’ என்ற பட்டியலில் எளிதாக வைத்துவிடக்கூடிய துறவி. ஆனால் கோவலனையும் கண்ணகியையும் இகழ்ந்தவர்களை நரிகளாகச் சபிக்கிறார், சபிக்கப்பட்டவர்களுக்குச் சாப விடுதலையும் அவரே சொல்கிறார். மதுரை போய்ச் சேர்ந்ததும் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார் என்று பின்னால் மாடலன் சொல்லி அறிகிறோம். வழிகாட்டியவர் தாம் காட்டிய வழிக்குப் பொறுப்பேற்று இறக்கிறார். அறிவுரை சொல்லிவிட்டுப் போகும் அந்தத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இப்படி ஒரு பொறுப்பு இருக்கிறதா? அவர் பேச்சைக் கேட்டுத் தோட்டத்தை விட்டுப்போன பையன் கோலாலம்பூரில் தொலைந்துபோனால் அவர் என்ன செய்வார்?

ஆயக்கொட்டகை (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) ஆயாவையும் யாராவது எழுத வேண்டும் என்பது என் ஆசை. என் பாட்டி அந்த வேலை பார்த்தவர். பெற்றவள் பால்மரம் சீவப் போயிருக்க, வரிசையாகக் கட்டிய தொட்டில்களில் எந்தப் பிள்ளைக்கு எந்தத் தாலாட்டில் கண் சொருகும் என்று அறிந்தவர். மாலையில் தாய் வந்து கை நீட்டும்போது சில பிள்ளைகள் பாட்டியின் தோளை விட்டு இறங்க மறுத்ததையும், அந்தத் தாய்மார் சிரித்து மழுப்பியதையும் அவர் சொல்லியிருக்கிறார். இவள்தான் நம் செவிலி. செவிலிக்கும் நற்றாய்க்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிறு உரசலைச் சங்கப்பாட்டிலிருந்து தோட்டத்துக்கு எடுத்து வர ஏன் நம்மால் முடியவில்லை?

தைப்பிங் நடுகல் எழுதியது:

கிள்ளான் தங்கையின் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு இணையாக நாயகன் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பும் அந்த மகன், உலகெங்கும் பேசப்படும் ‘நாயகனின் பயணம்’ என்ற வார்ப்பில் ஊற்றப்பட்டவன். ஜோசப் கேம்பெல் 1949-இல் விரித்துரைத்த அந்த வடிவத்தில் நாயகன் வீட்டை விட்டுப் புறப்படுகிறான், சோதனைகளைக் கடக்கிறான், தன் மக்களுக்கு ஒரு வரத்தோடு திரும்புகிறான். அது பல கதைகளுக்குப் பொருந்தும். ஆனால் நம் தோட்டங்களில் கும்பிடப்பட்ட நாயகர்கள் திரும்பி வந்தவர்கள் அல்லர்.

மதுரை வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். கதைப்பாடலில் அவன் வீரத்தால் வென்றவன், பழி சுமத்தப்பட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்தவன். இறந்தபின் தெய்வமானான். காத்தவராயன் கழுவேறியவன். நியாயமில்லாமல் கொல்லப்பட்டவரின் கோபம் அடங்காது என்றும், அவரை வணங்கி எல்லையில் நிறுத்தினால் அதே கோபம் நமக்குக் காவலாகும் என்றும் நம்பிய மக்களின் நாயகர்கள் இவர்கள். கடல் கடந்து வந்தவர்கள் பெரிய கோயில் கட்டுமுன்னரே மரத்தடியில் ஒரு கல்லை நட்டுச் சுருட்டு படைத்தது இந்தக் காவல் தெய்வங்களுக்குத்தான். இந்த வடிவம் மிகப் பழையது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வரிசைப்படுத்துகிறது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைகள் ஏறத்தாழ அதே வரிசையில் கண்ணகிக்குக் கல்லெடுத்துக் கோயில் காண்கின்றன.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. நம் பல குடும்பங்களில் ‘சயாமுக்குப் போன தாத்தா’ என்று ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கல் இல்லை, இறந்த நாள் தெரியாததால் திதியும் இல்லை. அவர் மனைவி பொட்டு வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் எத்தனையோ ஆண்டுகள் இருந்திருப்பாள். நம் மண்ணுக்கே உரிய நாயக வடிவம் இதுதான், திரும்பாதவன். பட்டம் பெற்ற மகனுக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியை அந்தத் தாத்தாவுக்குக் கொடுத்தால் பயிலரங்கில் வேறு கதைகள் பிறக்கும்.

மலாய் மரபையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள், அவர்கள் பள்ளியில் படித்ததுதான். பழி சுமத்தப்பட்டும் அரசனுக்கு விசுவாசமாக நின்ற ஹங் துவா, நண்பனுக்கு நேர்ந்த அநீதிக்காக அதே அரசனை எதிர்த்த ஹங் ஜெபாட் ஆகிய இருவரையும் நம் கும்பகருணன், வீடணன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செஞ்சோற்றுக் கடன் பெரிதா, நியாயம் பெரிதா என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றே. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்கும் கிராணிக்கு இதே கேள்வி மாதாமாதம் சம்பள நாளில் வரும். கிளந்தான் நிழற்கூத்தில் சீரி ராமாவுக்குத் துணை நிற்கும் பா டோகோல், கோமாளி உருவில் வந்த தெய்வம் என்று கருதப்படுகிறார். தெருக்கூத்துக் கட்டியங்காரனை அறிந்தவர்களுக்கு அவர் அந்நியராகத் தெரியமாட்டார். நம் தோட்டக் கதைகளில் சிரிக்க வைக்கும் ஆள் ஒருவர்கூட இல்லாதது எனக்கு நெடுநாள் வருத்தம். லயத்தில் அப்படி ஒருவர் இல்லாத காலமே இருந்ததில்லை.

சிப்புட் வாசகி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த கூட்டத்தில் கட்டம் போட்ட பட்டியலை எடுத்துவைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தங்கள் பாத்திரம் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதை மட்டும் முதலில் எழுதி வரச் சொல்லப்போகிறேன். ஈப்போ ஐயாவிடம் ஒரு சிறு ஐயம். அப்பாவைப் பேசவிடாமல் எழுதச் சொன்னீர்கள். அப்படிச் செய்தால் அவர் பக்கத்து நியாயம் ஒருபோதும் வெளிவராமல் போய்விடாதா? கங்காணிக்குக் கிடைத்த இடம் அவருக்கும் கிடைக்க வேண்டும் அல்லவா?

ஈப்போ தமிழாசிரியர் எழுதியது:

கிடைக்க வேண்டும் அம்மா, கிடைக்கும். எடுத்துச் சொல்பவர் யார் என்பதைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால் போதும். மனைவி வாயால் மட்டும் கேட்டால் அவர் குடிகாரர். கள்ளுக்கடையில் அவரோடு உட்கார்ந்திருந்த நண்பர், ‘உங்க அப்பா ஒட்டுப்பால் எடையில குறைச்சுப் போட்டதக் கேட்டாரு, அதுக்கப்புறம் அவருக்குப் பால் வெட்ட நல்ல மர நிரையே கிடைக்கல’ என்று மகனிடம் சொன்னால் அதே ஆள் வேறொருவராகிறார். இரண்டையும் ஒரே கதையில் வையுங்கள், எது உண்மை என்று மகன் தீர்ப்புச் சொல்லவே வேண்டாம். மாணவர்கள் எழுதியதில் இரண்டொன்றை இங்கே பதிவிட்டால் நாங்களும் படித்துக் கருத்துச் சொல்கிறோம். கிள்ளான் மாணவியின் ஆயக்கொட்டகைக் கதையும் வர வேண்டும். அதை அவரே எழுதுவதுதான் முறை.